அலமாரிப் பூட்டும் அடுக்களைப் பூட்டும்

பிறர் கைக்குப் போன புத்தகமும் பெண்ணும் பணமும் போனவை போனவைதாம் என்று வடமொழியில் ஒரு பழைய வாக்கு உண்டு. நூல் இரவல் கேட்டு வருபவரிடம் சிரித்துக்கொண்டே இதைச் சொல்லி அனுப்பிவிடுகிற பெரிய மனிதர்கள் நம் தெருக்களிலும் இருக்கின்றனர். புத்தகத்தையும் பெண்ணையும் ஒரே பட்டியலில் வைத்தவர் யாரோ, அறியோம். ஆனால், நம் வீடுகளைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாரோ என்று எண்ணும்படி நாமும் அவ்விரண்டையும் ஒரே முறையில் காத்து வருகிறோம். புத்தகத்துக்குக் கண்ணாடி அலமாரி; பெண்ணுக்கு அடுக்களை. இரண்டின் திறவுகோலும் ஒருவர் சட்டைப் பையில்.

நம் வீடுகளில் நல்ல நூல்கள் இல்லாமல் இல்லை. திருமணத்துக்கு வந்தவை, மாநாட்டில் வாங்கியவை, நூலாசிரியரே கையெழுத்திட்டுத் தந்தவை என எத்தனையோ உறங்குகின்றன. அவற்றுள் ஒன்றுகூட நம்முடன் பணியாற்றும் ஒருவர் கைக்குப் போவதில்லை. கஞ்சத்தனமே இதற்குக் காரணம் என்று சிலர் கூறுவர். நாம் அவ்வளவோடு விடத் தயாராயில்லை. வீட்டு வேலை பங்கிடப்பட்டிருக்கும் முறைதான் முதற் காரணம் என்கிறோம். படிக்க நேரமுள்ளவர் படிப்பதில்லை. படிக்க ஆசைப்படுகிறவருக்கு நேரமில்லை. எவரும் படிக்காத நூலை எவர் எவருக்கு எடுத்துக் கொடுப்பது?

மாஊன் என்னும் அத்தியாயத்தை அறியாத முஸ்லிம் இல்லம் உண்டா? திருக்குர்ஆனின் 107ஆம் அத்தியாயம் அது, ஏழே வசனங்கள். மதரசாவில் சேர்ந்த பிள்ளைகள் தொடக்கத்திலேயே மனனம் செய்துவிடுகின்றனர். அநாதையை விரட்டுபவனையும், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனையும், தொழுகையில் பராமுகமாய் இருப்பவர்களையும் கண்டித்துக்கொண்டே வருகிற அந்த அத்தியாயம், அற்பமான புழங்குபொருளைக்கூடப் பிறருக்குத் தர மறுப்பவர்களிடம் வந்து முடிகிறது. அப்புழங்குபொருள் யாது? ஜகாத்தையே குறிக்கிறது என்று சொன்ன முன்னோர் உண்டு. சட்டி, வாளி, கோடரி போன்று அண்டை அயலார் ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்து வாங்குபவை என்பது இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் பெயரால் வரும் விளக்கம்.

இந்த இரண்டாம் விளக்கத்தின்படி வாழ்ந்து காட்டியவர்கள் நம் தாய்மார்கள். உரலும் ஏணியும் இரவல் போகாத தெரு எது? பெருநாளைக்குத் தேக்சா கேட்டு வந்த அடுத்த வீட்டுக்காரரை வெறுங்கையோடு அனுப்பிய வீடு எது? தேக்சா போய்வருகிறது, நூல் மட்டும் வாசற்படி தாண்டக்கூடாதென்றால் அது எந்தக் கிதாபின் சட்டம் என்று கேட்கிறோம்.

நம் முன்னோரின் சட்டம் வேறாக இருந்தது. புகழ்பெற்ற புவியியல் அகராதியைத் தொகுத்த யாகூத் அல்ஹமவி என்னும் பேரறிஞர் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மர்வ் நகரில் தங்கியிருந்தார். அந்நகரத்து நூலகங்கள், ஈடாக எதுவும் வாங்காமல் 200 நூல்கள் வரை தம் இருப்பிடத்தில் வைத்துக்கொள்ளத் தம்மை விட்டன என்று அவரே நன்றியுடன் எழுதி வைத்திருக்கிறார். 1221இல் மங்கோலியர் படை அந்நகரை அழித்தது. அந்த நூலகங்கள் இன்றில்லை. இரவல் வாங்கியவரின் அகராதி இருக்கிறது.

இனி வீட்டுக்குள் வருவோம். வாழப்பாடியை எடுத்துக்கொள்வோமே. சேலத்துக்குக் கிழக்கே ஆத்தூர்ச் சாலையில், பாக்குத் தோப்புகளுக்கும் மரவள்ளிக் காடுகளுக்கும் நடுவே உள்ள ஊர். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் கடைக்கும் என்று சேலம் பக்கமும் ஆத்தூர்ப் பக்கமும் பேருந்தேறிப் போகிறவர்கள் பலர். அவ்வாறு வேலைக்குப் போகும் நம் சகோதரி ஒருவரின் நாளை மணிக்கணக்கில் எழுதிப் பாருங்கள். சுபுஹுத் தொழுகைக்கான பாங்குக்கு முன்பே அடுப்பு எரிகிறது. தொழுது முடித்த கையோடு இட்லி ஒரு பக்கம், மதியச் சோறு மறு பக்கம். பிள்ளைகளை எழுப்பி ஓத அனுப்பவேண்டும்; திரும்பி வந்ததும் பள்ளிக்கு அனுப்பவேண்டும். மாமியாருக்கு மாத்திரை எடுத்துத் தரவேண்டும். தண்ணீர் வரும் நாளாயிருந்தால் குடங்களை நிரப்பியாக வேண்டும். தமக்கென்று ஒரு வாய் உண்பதற்குள் பேருந்து வந்துவிடுகிறது. மாலையில் இறங்கியதும் அஸர் நேரம் கழியுமுன் தொழுகை. பிறகு மீண்டும் அடுப்பு, துணி, பாத்திரம், வீட்டுப்பாடம். இஷாவுக்குப் பின்னர் எல்லாரும் உண்டெழுந்த பின்னர் அடுக்களையைக் கழுவி விளக்கை அணைக்கிறார்.

அதே வீட்டில் அத்தாவின் நாள் எப்படி? சுபுஹுத் தொழுதுவிட்டு வந்ததும் நாளிதழ். தேநீர் கைக்கு வந்து சேர்கிறது. மாலையில் கடைத்தெருவில் நண்பர்களோடு உலக நடப்பு. இரவில் தொலைக்காட்சியில் மறுபடியும் உலக நடப்பு. ஐவேளைத் தொழுகை நாளைப் பகுத்துத் தந்ததில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு இல்லை. இரு தொழுகைகளுக்கு இடைப்பட்ட நேரத்தை நிரப்பியதில்தான் வேறுபாடு, நிரப்பியவர்கள் நாம்.

இது மிகைக் கூற்று என்பவர்கள் அரசின் கணக்கைப் பார்க்கட்டும். ஆறு வயது நிரம்பியோர் தம் நாளை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று இந்தியப் புள்ளியியல் துறை 2019இல் நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டனர். ஆண்கள் 97 நிமிடம். அதிலும் ஒன்று கவனிக்கவேண்டும். இந்த 97 நிமிடம், அவ்வேலையைத் தொட்ட ஆண்களின் சராசரி மட்டுமே. தொட்டவர்களே நூற்றுக்கு 26 பேர்தாம். 2024இல் மீண்டும் கணக்கெடுத்தபோது பெண்களின் நேரம் 289 நிமிடமாகக் குறைந்தது. ஐந்தாண்டில் பெண்ணுக்குக் கிடைத்த ஓய்வு பத்து நிமிடம்! ஆண்களும் சும்மா இருக்கவில்லை. தம் பங்கை 88 நிமிடமாகக் குறைத்துக்கொண்டனர். எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான கணக்கு இது. நம் வீடுகள் இதற்கு விலக்கு என்று மார்தட்ட எவரேனும் முன்வருவரா?

நாம் விலக்காக இருந்திருக்கவேண்டும் என்பதே நம் வாதம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாருக்கான பணிகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்ததைப் புகாரி தொகுப்பில் காண்கிறோம். மீலாது மேடைகளில் தாடியையும் தலைப்பாகையையும் பற்றி ஒரு மணி நேரம் விளக்குகிற நாவுகள், வீடு பெருக்குவதும் அவ்வழியைச் சேர்ந்ததே என்று சொல்ல மட்டும் ஏன் தயங்குகின்றன? முதல் வஹியின் முதற் சொல்லே ஓதுவதைப் பற்றியது என்று எல்லா மேடையிலும் முழங்குகிறோம். முழக்கம் முடிந்ததும் பந்தி. பந்திக்குச் சமைத்தவர்கள் அன்று எதை ஓதினார்கள் என்று கேட்க ஆள் இல்லை.

பெண்களுக்குப் படிப்பில் நாட்டமே இல்லை, நேரம் கொடுத்தால் கைப்பேசியைத்தான் தடவிக்கொண்டிருப்பார்கள் என்று கூறுவோர் உண்டு. ஆண்கள் அந்த நேரத்தில் தடவுவது எதையாம்? போகட்டும். நாட்டம் இல்லை என்பது பொய் என்று காட்டச் சான்றுகள் நம் வரலாற்றிலேயே உள்ளன.

நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1917இல் பிறந்தவர். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்குப் போகவில்லை. அவர் எழுதிய 'காதலா கடமையா' என்னும் நாவல் 1938இல் வெளிவந்தது. அதற்கு மதிப்புரை தந்தவர் டாக்டர் உ.வே. சாமிநாதையர். மூன்று வகுப்புப் படித்தவர் அங்குவரை சென்றது வீட்டிலிருந்த நூல்களால் அன்றி வேறெதனால்? நம் காலத்தில் துவரங்குறிச்சி சல்மாவைப் பாருங்கள். பள்ளியிலிருந்து இளமையிலேயே நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்டவர், இரவில் மறைவாக எழுதி எழுதியே கவிஞரானார். 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வந்தது. அந்நாவலின் கருத்துகள் எல்லாருக்கும் உடன்பாடாக இருக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. நாட்டமில்லாதவரா கழிவறையில் ஒளிந்து நின்று எழுதுவார் என்று மட்டும் கேட்கிறோம்.

வங்கத்து ரொக்கையா பேகத்துக்கும் இரவுதான் பள்ளிக்கூடம். வீடு உறங்கிய பின்னர் அண்ணன் விளக்கொளியில் அவருக்கு எழுத்துக் கற்றுத் தந்தார். ஆங்கிலத்தில் அவர் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் முதன்முதலாக அச்சேறியது நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் இதழில் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. அந்தக் கனவு நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் இருப்பர், பெண்கள் வெளியே ஆள்வர். அடுக்களையில் புகை இல்லை, கரி இல்லை. வெயிலின் வெப்பத்தாலே சமையல். ஆண்கள் அலுவலகத்தில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு சுருட்டுப் புகைத்தே ஆறு மணி நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று ஒரு கணக்கும் அதில் வருகிறது. 120 ஆண்டு கடந்தும் அந்தக் கணக்குக்கு மறுப்பு எழுதிய ஆண்மகன் எவரையும் நாம் கண்டதில்லை.

சுருட்டு என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. புகைப்பவர்களின் நேரம் வீணாயிற்றென்றால், சுருட்டுச் சுற்றிய தொழிலாளர்கள் தம் நேரத்தை நூலுக்குத் தந்தனர். கியூபாவின் ஹவானா நகரத்தில் 1865இல் எல் பீகரோ என்னும் சுருட்டுத் தொழிற்சாலையில் அவ்வழக்கம் தொடங்கியது. நூற்றுக்கணக்கானோர் வரிசையில் அமர்ந்து புகையிலை சுற்றுவர். ஒருவர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து நாளிதழையும் நாவலையும் உரக்கப் படிப்பார். படிப்பவருக்குரிய ஊதியத்தைத் தொழிலாளர்களே தம் கூலியிலிருந்து கொடுத்தனர். அடுத்த ஆண்டே அரசு அதைத் தடைசெய்தது. தடை நிலைக்கவில்லை. 1935இல் அங்கே ஒரு சுருட்டுக்கு 'மாண்டி கிறிஸ்டோ' என்று பெயரிட்டனர். தொழிலாளர்கள் கேட்டு மகிழ்ந்த அலெக்சாண்டர் டூமாவின் நாவலின் நினைவாக வைத்த பெயர் என்பர்.

கியூபா வரை போவானேன்? கண்ணூர் வட்டாரத்துப் பீடித் தொழிலாளர்களும் இதையே செய்தனர். தம்முள் ஒருவரைப் படிக்கச் சொல்லிவிட்டு அவருடைய பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றித் தந்தனர். 1969இல் அவர்கள் தமக்கென்று தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துக்கொண்ட பின்னரும் அவ்வழக்கம் தொடர்ந்தது. வேலையைப் பங்கிட்டுக்கொண்டால் நூலுக்கு நேரம் பிறக்கும் என்பதை எழுத்தறிவு குறைந்த பீடித் தொழிலாளி கண்டுகொண்டார். பட்டம் பெற்ற நாம் நம் அடுக்களையில் இன்னும் கண்டுகொள்ளவில்லை.

வாழப்பாடிக்குத் திரும்புவோம். பாக்குப் பருவத்தில் இங்கே பெண்கள் வரிசையாக அமர்ந்து காய் உரிக்கின்றனர். உரித்த அளவுக்குக் கூலி. கைகள் ஓய்வதில்லை, செவிகள் சும்மா இருக்கின்றன. அந்த வரிசையில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண் நாளுக்கு அரைமணி நேரம் ஒரு கதையைப் படித்துக் காட்ட, மற்றவர்கள் ஆளுக்கொரு கை காய் உரித்து அவர் பங்கை ஈடுசெய்வது முடியாத காரியமா? ஹவானாவில் முடிந்தது, கண்ணூரில் முடிந்தது. பாக்கு வணிகத்தில் உள்ள நம்மவர்களும் பிறரும் இதை எண்ணிப் பார்க்கட்டும். வேலை கெடும் என்ற அச்சம் வேண்டா. கதையின் அடுத்த பகுதியைக் கேட்கவேண்டும் என்பதற்காகவே மறுநாள் நேரத்தோடு வருவார்கள்.

அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போகிறவர்களின் நிலை இன்னும் எளிது. பெருநாள் முடிந்து வேலைக்குத் திரும்பும்போது நம் கையில் அடுக்குச் சட்டியில் பிரியாணி இருக்கிறது. கேட்கிறார்கள், கொடுக்கிறோம். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் இருபது ஆண்டு பக்கத்து மேசையில் அமர்ந்திருந்தவர் நம்மைப் பற்றி அறிந்தது பிரியாணி ஒன்றுதான் என்றால், பிழை அவருடையது மட்டுமா? நம்மைப் பற்றிப் பிறர் தவறாக எண்ணுகின்றனர், நம் வாழ்வை அறியாமல் பேசுகின்றனர் என்று ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் வருந்துகிறோம். அறிவதற்கு அவரிடம் எதைக் கொடுத்தோம்? நீதிபதி மு.மு. இஸ்மாயில் கம்பனில் தோய்ந்து தமிழ்நாடு முழுதும் பேசினார், எழுதினார். அவ்வாறு சீறாப்புராணத்தில் தோய்ந்த இந்து அன்பர் எத்தனை பேர் என்று நாம் கேட்பதுண்டு. செய்கப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அரும்பாடுபட்டுச் சீறாவை அச்சேற்றியது 1842இல். அன்றுமுதல் இன்றுவரை அதை அடுத்தவர் கையில் கொடுத்த நம்மவர் எத்தனை பேர் என்பது அதற்கு முன்னால் வரவேண்டிய கேள்வி.

ஒன்றை இங்கே தெளிவாக்கிவிட வேண்டும். மதப் பிரசாரத் துண்டறிக்கையை மேசை மேசையாக வைத்துவிட்டு வருவதை நாம் குறிப்பிடவில்லை. அதைப் பெறுபவர் படிப்பதில்லை. கொடுத்தவரும் பெரும்பாலும் படித்திருப்பதில்லை. நாம் சொல்வது, நீங்கள் படித்து மகிழ்ந்த நூலை, நீங்கள் மகிழ்ந்த காரணத்துக்காகவே, உடன் பணியாற்றும் ஒருவரிடம் நீட்டுவது. அவருக்குப் பிடித்ததைக் கேட்டு வாங்கி வருவது அதைவிட முக்கியம். அவர் தரும் நூல் திருவாசகமாக இருக்கலாம், கி. ராஜநாராயணனின் கரிசல் கதையாக இருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஈமான் போய்விடும் என்று அஞ்சுகிறவர், தம் ஈமானைப் பற்றித்தான் குறைவாக மதிப்பிடுகிறார்.

நாவல் படித்தால் கெட்டுப்போவார்கள் என்று சொல்லும் பெரியவர்களுக்கும் ஒரு சொல். தோப்பில் முஹம்மது மீரான் திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வணிகம் செய்தவர். அவருடைய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' தொடராக வந்தது 'முஸ்லிம் முரசு' இதழில், 1988இல் நூலாயிற்று. சாகித்திய அக்காதெமி 1997இல் பரிசளித்த அவருடைய 'சாய்வு நாற்காலி'யைப் படித்துப் பாருங்கள். வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்றுகொண்டு, வீட்டுப் பெண்களை வதைத்துக்கொண்டு, நாற்காலியை விட்டு எழாத ஒரு குடும்பத் தலைவரை அதில் காணலாம். பெண்கள் நாவல் படிப்பதை விரும்பாத சிலர் அஞ்சுவது நாவலையா, நாற்காலியை அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதையா?

இரவல் கொடுத்தால் நூல் அழுக்காகும், மஞ்சள் கறை படியும், சில திரும்பாமலே போகும். போகத்தான் செய்யும். அதற்காக ஒரு சிறு குறிப்பேடு போதும். நூலின் பெயர், வாங்கியவர், நாள். பழுப்புத் தாளில் ஓர் உறை. இரவல் பொருள் அமானிதம் என்பதை நம் பிள்ளைகளுக்கு வாயால் போதிப்பதைவிட, அவர்கள் கையாலேயே அக்குறிப்பேட்டை எழுதச் சொல்லலாம். மஞ்சள் கறையோடு வந்த நூல் ஓர் அடுக்களைக்குள் நுழைந்து வந்த நூல். அதற்காக முகம் சுளிக்கவேண்டா.

வாங்கப் பணமில்லை என்பது இந்த மாநிலத்தில் செல்லாது. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் வந்தது முதல், நாம் செலுத்தும் சொத்துவரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. பணம் கட்டிவிட்டுப் பொருளை வாங்காமல் வரும் வணிகர் நம்மில் எவரும் இல்லை. நூலகத்தில் மட்டும் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறோம். வீட்டுப் பெண்கள் பெயரில் உறுப்பினர் அட்டை வாங்குவதற்கு ஜமாஅத்தின் தீர்மானம் தேவையில்லை. கடைத்தெருவுக்குப் போகும் அத்தா கறிவேப்பிலையோடு ஒரு நூலையும் மாற்றிக்கொண்டு வரலாம்.

ஆண்டு முழுவதும் இயலாது என்போர் ரமளானில் தொடங்கட்டும். மற்ற மாதங்களைவிடப் பெண்களின் வேலை இரட்டிப்பாவது அந்த மாதத்தில்தான். சஹருக்கு எழுந்து சமைப்பவரும் அவர், நோன்பு திறக்க வடையும் சமோசாவும் பொரிப்பவரும் அவர், அவரும் நோன்பாளி. இவ்வாண்டு சஹர் முடிந்த பாத்திரங்களை ஆண்கள் கழுவட்டும். மாலைப் பலகாரத்தில் இரண்டைக் குறைத்துக்கொள்ளட்டும். அப்போது கிடைக்கும் நேரத்தில் அவர் ஓதுவதும் உறங்குவதும் படிப்பதும் அவர் விருப்பம். எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவருக்கு நாம் முதலில் சொல்வது வைக்கம் முகம்மது பஷீர் 1959இல் எழுதிய 'பாத்துமாவின் ஆடு'. தமிழில் கிடைக்கிறது; சிறிய நூல். வீடு கொள்ளாத மனிதர்களும், ஓயாத வீட்டு வேலையும், நடுவில் ஓர் ஆடும். அந்த ஆடு பஷீரின் நூல்களையே தின்றுவிடுகிறது. படித்துச் சிரித்து முடித்ததும் பேருந்தில் பக்கத்தில் அமர்ந்து வரும் தோழியிடம் கொடுத்துவிடுங்கள். குறிப்பேட்டில் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.